ஓட்டுநரிடம் பேசாதீர்கள்

என் பெரியப்பாவைப் பின்பக்கமாகக் காட்டினால் போதும், எத்தனை பெரிய கூட்டத்திலும் என் பெரியம்மா அவரைக் கண்டுபிடித்துவிடுவார். முன்பக்கமாகக் காட்டினால் ஒரு நொடி யோசிப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். பிடரியில் இடது ஓரமாக ஒரு மச்சம். அதற்குக் கீழே காலர். அந்தக் காலர் எந்த மடிப்பில் முதலில் நைந்துபோகும், கோடைக்காலத்தில் வியர்வை எந்த வடிவத்தில் முதுகில் இறங்கும், முடி வெட்டி எத்தனை நாளாகிறது, எல்லாம் பெரியம்மாவுக்கு அத்துப்படி. பெரியப்பாவின் மூக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நல்லாத்தான் இருக்கும்" என்பார்.

பெரியம்மாவுக்கு வேலை சட்டைக் கம்பெனியில். வரிசையாகத் தையல் மெஷின்கள். ஒருத்தர் கை வைப்பார், ஒருத்தர் பை வைப்பார், பெரியம்மா காலர் வைப்பார். கையும் பையும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம், காலர் வைக்க மட்டும் தனி சாமர்த்தியம் வேண்டும் என்பது அவர் கட்சி. பெரியப்பா டவுன் பஸ் டிரைவர். கம்பெனிக்குப் போகிற வழியும் அவர் ஓட்டுகிற வழியும் ஒன்றுதான். ஆகவே கல்யாணமானதிலிருந்து பெரியப்பா ஓய்வு பெறுகிற வரைக்கும் காலையில் இருவரும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போனார்கள். பார்க்கிறவர்கள், "கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க, தினமும் ஜோடியா போறீங்க" என்பார்கள். ஜோடிதான். அவர் முன்னால், இவர் பின்னால், நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. அதற்கு மேலே வெள்ளை எழுத்தில் ஒரு பலகை: ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.

பெரியம்மா பேசவில்லை. சட்டத்தை மதிக்கிற குடும்பம்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு பேசலாமே என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பெரியப்பாவின் காதில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். எதைக் கேட்டாலும் "ம்." கோபமா என்றால் கோபம் இல்லை, அன்பு இல்லையா என்றால் நிறைய உண்டு, ஆனால் வாயைத் திறந்தால் வண்டி எங்கேயோ இடித்துவிடும் என்பதுபோல ஒரு முகம். "அந்த போர்டை டிப்போவிலயே கழட்டி வெச்சிட்டு வாங்கன்னா கேக்குறாரா? கழுத்துல மாட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துடறாரு" என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார் பெரியம்மா.

லீவு நாளில் வெளியே போனாலும் இதே கதைதான். எந்த வண்டியில் ஏறினாலும் பெரியப்பா டிரைவர் பக்கத்துச் சீட்டுக்குப் போய்விடுவார். கார் என்றால் முன் சீட்டு. வேன் என்றால் முன் சீட்டு. ரயிலில் அவரை இன்ஜினில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி இன்ஜின் வரைக்கும் நடந்துபோய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து ஏறுவார். அவர் ஏறினாரா இல்லையா என்று பெரியம்மா ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே வருவார். அதுதான் அவர்களுடைய சுற்றுலா.

முன் சீட்டில் உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா? வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். எதிரே ஒரு சைக்கிள் வந்தால் அழுத்துவார், நாய் வந்தால் அழுத்துவார், ஒன்றும் வராவிட்டால் வரப்போகிறது என்று அழுத்துவார். டிப்போவில் அவருக்குப் பெயரே பிரேக்தான். வீட்டில் டிவி பார்க்கும்போது சினிமாவில் கார் துரத்தல் வந்தாலும் கால் தானாக அழுத்தும். அவர் நாற்காலிக்கு முன்னால் போட்டிருக்கிற கால்மிதியில் வலது பக்கம் மட்டும் ஓட்டை. "இடது பக்கம் புதுசு மாதிரியே இருக்கு பாரு, எவ்வளவு சிக்கனமான மனுஷன்" என்பார் பெரியம்மா.

இப்படி ஒரு மனிதர் ஓய்வு பெற்றார். அவர்களுடைய ஒரே மகள், எனக்கு அக்கா முறை, வெளியூரில் வேலை பார்க்கிறாள். அவள் போனில், "அப்பா, ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க. என் பரிசு. எங்கேன்னு மட்டும் நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றாள்.

"நான் பாக்காத ரோடா?" என்றார் பெரியப்பா. அவரைப் பொறுத்தவரை அத்துடன் பேச்சு முடிந்தது.

"கப்பல்" என்றார் பெரியம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கடையில் கத்தரிக்காய் கேட்பது போலக் கேட்டார்.

"கப்பல்ல ஏதாவது தீவுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாமே. தென்னமரம், மணல் எல்லாம் இருக்குமாமே. அது."

பெரியம்மாவுக்கு மணல் என்றாலே ஆகாது. செருப்புக்குள் ஒரு மணி போனாலும் நின்று உதறிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன்.

"என்ன பெரியம்மா திடீர்னு கப்பல்?"

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஏண்டி, கப்பல்ல டிரைவர் எங்க உக்காருவான்?"

"கேப்டனா? மேல தனி ரூம்ல."

"பக்கத்துல போய் உக்கார முடியுமா?"

"விடவே மாட்டாங்க. பூட்டி வெச்சிருப்பாங்க."

"அது போதும்" என்றார். பிறகு மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரே ஒரு தடவை அவர் பக்கத்துல உக்காந்து ஒரு ஊருக்குப் போகணும்டி. பின்னாடி இல்ல, பக்கத்துல. ஊரு எதுவா இருந்தா எனக்கென்ன."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மாவோ மிக்ஸியைப் போட்டுவிட்டார்.

அக்காவின் நச்சரிப்பில் பெரியப்பாவும் கிளம்பினார், மூவருமாகப் போனோம். டிராவல்ஸ் ஆபீஸ் ஒரு செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு தென்னைமரம், கடலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு. அதன் அடியில் ஏசி சொட்டுச் சொட்டாக ஒழுகி, ஒரு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கப்பல். அதற்குப் பின்னால் டை கட்டிய ஒரு தம்பி. வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே விடுமுறையில் இருப்பதுபோலவே அவன் பேசுவான்.

"வாங்க சார், வாங்க மேடம்! எந்த மாதிரி எக்ஸ்பீரியன்ஸ் எதிர்பார்க்குறீங்க?"

"எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு இருக்கும் அவருக்கு?" என்றார் பெரியப்பா.

"யாருக்கு சார்?"

"ஓட்றவருக்கு."

டை தம்பி என்னைப் பார்த்தான். நான் பொம்மைக் கப்பலைப் பார்த்தேன்.

அவன் சமாளித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திருப்பிப் படம் படமாகக் காட்டினான். நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, வெள்ளை மேசை விரிப்பு, பிறகு தீவு. தீவில் நீல நிறத்தில் தண்ணீர், நீலம் என்றால் சட்டைக் கம்பெனி சாயத் தொட்டியில்கூட அப்படி நீலம் பார்த்ததில்லை என்றார் பெரியம்மா. பெரியப்பா தீவைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"சீட்டு எங்க போடுவீங்க? பின்னாடி வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும். சக்கரத்துக்கு மேலயும் வேண்டாம்."

"கப்பலுக்குச் சக்கரம் இல்ல சார்."

"அது தெரியும்பா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." தெரிந்த மாதிரி இல்லை. "சரி, பிரேக் எப்படி? காத்து பிரேக்கா, ஆயிலா?"

டை தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவன் செய்த தப்பு. "கப்பலுக்கு பிரேக்கே கிடையாது சார்!"

பெரியப்பா நிமிர்ந்தார். வாளியில் ஒரு சொட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"அப்ப எப்படி நிறுத்துவீங்க?"

"இன்ஜினை ரிவர்ஸ்ல போடுவாங்க. அப்படியே மெல்ல மெல்ல நின்னுடும்."

"ஓடிட்டு இருக்குற வண்டிய ரிவர்ஸ் போட்டு நிறுத்துறீங்க" என்றார் பெரியப்பா. ஒரு கொலையை விசாரிக்கிற குரல். "கியர் பாக்ஸ் என்னத்துக்குப்பா ஆகும்?" பதிலுக்குக்கூட நிற்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். பெரியம்மா தீவுப் படத்தை ஒரு தடவை பார்த்தார், கைப்பையை எடுத்துக்கொண்டார், வழக்கம் போல அந்தப் பிடரியைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தார்.

ஒரு வாரம் வீட்டில் கப்பல் பேச்சே இல்லை. அக்கா போன் செய்தால், "உங்கப்பா பிரேக் இல்லாத வண்டியில ஏற மாட்டாராம்" என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். போனை வைத்ததும் சிரிப்பும் போய்விடும். ஒரு நாள் சாயங்காலம் நான் போனபோது, பெரியப்பாவின் பழைய யூனிபார்ம் சட்டையில் காலரைப் பிரித்து, நைந்த பக்கத்தை உள்ளே தள்ளி, நல்ல பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆனவருக்கு எதற்கு யூனிபார்ம் என்று கேட்கவந்து கேட்காமல் விட்டேன்.

காப்பாற்றியது விசில் மாமா. பெரியப்பாவின் வண்டியிலேயே காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கிழிப்பதை விட்ட பிறகும் வாயில் விசில் இருக்கிற மாதிரியே உதட்டைக் குவித்துக்கொண்டு பேசுவார். வந்து உட்கார்ந்து, தேநீரைக் கையில் வாங்கி, முழு விவரமும் கேட்டார்.

"யோவ் பிரேக்கு, கடல்ல எதிர்ல எத்தன வண்டி வரும்?"

"வராது."

"ஸ்கூல் பசங்க குறுக்க ஓடுவாங்களா?"

"இல்ல."

"ஆட்டோக்காரன் சைடுல நுழைவானா?"

பெரியப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்புறம் எதுக்குய்யா உனக்கு பிரேக்கு? ஸ்டாப்பிங்கே இல்லாத ரூட்டுய்யா! உனக்காகவே கடவுள் போட்ட ரூட்டு. நான் மட்டும் உன் பொண்டாட்டியா இருந்தா இந்நேரம் தனியா கப்பல் ஏறிப் போயிருப்பேன்."

"நீ என் பொண்டாட்டியா இருந்தா நானே ஏத்தி விட்டிருப்பேன்" என்றார் பெரியப்பா. பெரியம்மா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பில் முடிவாகிவிட்டது.

மறுபடியும் டை தம்பி. இந்தத் தடவை அவன் சிரிக்கவே இல்லை, நன்றாகப் பாடம் படித்திருந்தான். இரண்டு கப்பல்களை எடுத்து வைத்தான். ஒன்று சிறியது, கூட்டம் குறைவு. இன்னொன்று பெரியது, மாடிமேல் மாடி வைத்த அடுக்கு வீடு. இரண்டும் அதே தீவுக்குத்தான் போகும். பெரியம்மா உடனே சிறியதில் விரலை வைத்தார்.

"பெருசுல ஓவர்லோடுங்க. நீங்களே பாருங்க, எவ்வளவு ஜனம்." ஓவர்லோடு என்றால் பெரியப்பாவுக்கு ஆகாது என்பது பெரியம்மாவுக்குத் தெரியாதா என்ன! பெரியப்பாவும் தலையை ஆட்டிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் கைதட்டல்.

அப்போதுதான் டை தம்பி, யாரும் கேட்காமலே, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "ஆனா சார், உங்களுக்கு டிரைவிங்ல இன்ட்ரஸ்ட் இருக்கறதால சொல்றேன். பெரிய கப்பல்ல ஒரு ஸ்பெஷல் இருக்கு. கேப்டன் கப்பல் ஓட்டுற ரூமுக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க!"

பெரியம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பூட்டி வெச்சிருப்பாங்கன்னு சொன்னியே என்று அந்தப் பார்வை கேட்டது. நான் வாளியைப் பார்த்தேன்.

பெரியப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற அன்றைக்கு டிப்போவில் போட்டோ எடுத்தபோதுகூட அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. "உள்ளயே விடுவாங்களா? பக்கத்துல நின்னு பாக்கலாமா? ஸ்டீயரிங் எவ்வளவு பெருசு இருக்கும்?" வார்த்தை வார்த்தையாகக் கொட்டுகிறார்! பேசத் தெரிந்த மனிதர்தான், விஷயம்தான் கிடைக்காமல் இருந்திருக்கிறது. நேரம் போகப் போகப் பெரியம்மாவின் விரல் சின்னக் கப்பலின் படத்திலிருந்து தானாக நகர்ந்தது. தோற்றுப்போனார் என்று நினைத்தேன். நாள் முழுக்க அந்த ரூம் வாசலில் போய் நிற்பார் மனுஷன், பெரியம்மா எப்போதும் போல முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

ஆனால் காலர் வைக்கிறவர் பெரியம்மா. நைந்துவிட்டால் திருப்பி வைக்கத் தெரியும்.

"சரி, பெரிய கப்பலே இருக்கட்டும்" என்றார். "நீங்க ஓட்றவரைப் பாருங்க. ஆனா ரூமு நான் சொல்றதுதான்."

"எதுவா இருந்தா என்ன" என்றார் பெரியப்பா தாராளமாக.

"தம்பி, அந்த ஓட்ற ரூமு எங்க இருக்கு?"

"ரொம்ப முன்னாடி மேடம், உச்சியில."

"எங்களுக்கு ரொம்பப் பின்னாடி குடு. கடைசி."

டை தம்பி பதறினான். "மேடம், அங்கிருந்து முன்னாடி போறதுன்னா கப்பலோட முழு நீளமும் நடக்கணும். நடுவுல ரெஸ்டாரன்ட், கடை, அது இதுன்னு சுத்திச் சுத்திப் போகும். சாருக்கு வசதியா முன்பக்கமே..."

"பால்கனி இருக்கா கடைசி ரூம்ல?"

"இருக்கு. ஆனா கப்பல் போற பக்கம் தெரியாது மேடம். போன பக்கம்தான் தெரியும்."

"ரெண்டு நாற்காலி போடுவீங்களா?"

"போட்டிருக்கும் மேடம். பக்கத்துல பக்கத்துல."

"அதுதான்" என்றார் பெரியம்மா.

கடைசி சீட்டா என்று பெரியப்பா முகத்தைச் சுளித்தார். தூக்கிப் போடுமே என்றார். "வாக்குக் குடுத்துட்டீங்க" என்றார் பெரியம்மா. அந்த ஆபீசில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிற இடைவெளியில் இப்படியாக உலகமகா சூழ்ச்சி ஒன்று நிறைவேறியது, டை தம்பிக்கு எதுவும் தெரியாது.

கப்பலில் நடந்ததைப் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது பாதி சிரிப்பார், மீதி பாதியில் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் பிடித்தது இவ்வளவு.

கப்பல் கிளம்பும்போது கரையிலிருந்தவர்களுக்கு எல்லோரும் கையசைத்தார்களாம். பெரியப்பா பிரேக் அழுத்திக்கொண்டிருந்தாராம். முதல் நாள் முழுக்க மனுஷனை ரூமில் பிடித்துவைக்க முடியவில்லை. ஓட்டுகிற இடம் எங்கே, யாரைக் கேட்க வேண்டும், எப்போது விடுவார்கள் என்று நீளத்துக்கு நடந்துகொண்டே இருந்திருக்கிறார். பால்கனியில் இரண்டு நாற்காலி, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் பெரியம்மா. மற்றொன்றில் பெரியம்மாவின் கைப்பை.

மறுநாள் காலையில் அவர்கள் முறை வந்தது. பெரியப்பா யூனிபார்ம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆமாம், காலர் திருப்பித் தைத்த அதே சட்டை. எல்லோரும் பூப்போட்ட சட்டையும் அரைக் கால்சட்டையுமாகத் திரிகிற கப்பலில், பட்டன் கழுத்துவரை போட்ட காக்கியில் ஒரு மனிதர், தலையை வாரிக்கொண்டு, தொழில்காரர் தொழில்காரரைப் பார்க்கப் போகிற மரியாதையோடு கிளம்பிப் போனார். பெரியம்மா கூடப் போகவில்லை. "நீங்க பேசிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். முழு நீளமும் நடந்து, மூச்சு வாங்க, கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க அதுக்குள்ள?"

"யாருமே ஓட்டல" என்றார்.

"என்னது?"

"ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தனும் இல்ல. இத்துனூண்டு இருக்கு, நம்ம வீட்டுத் தட்டுல பாதி. அதையும் தொடல. ஒருத்தன் கைய கட்டிக்கிட்டு நிக்கிறான், ஒருத்தன் கப்புல என்னத்தையோ குடிக்கிறான். கேப்டன் எங்கன்னு கேட்டா, கீழ டைனிங் ஹால்ல எல்லார்கூடவும் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காராம். வண்டி தன்னால போகுதாம்!"

"நீங்க பேசலையா அவங்ககிட்ட?"

பெரியப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டாங்க. கண்ணாடியில ஒரு படம் ஒட்டியிருக்கு. வாயைப் போட்டு, மேல குறுக்க ஒரு கோடு."

பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடக்க முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம், பக்கத்து பால்கனிக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

"என்னடி சிரிக்கிற? என்னையப் போய்ப் பேசாதன்னு எழுதி வெச்சிருக்கான். எனக்கு எப்படி இருக்கும்?"

"தெரியுங்க" என்றார் பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்குத் தெரியாதா? கல்யாணமானதுல இருந்து நான் அந்த போர்டுக்கு அடியிலதான உக்காந்து வர்றேன்."

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கப்பலுக்குப் பின்னால் தண்ணீரில் வெள்ளையாக ஒரு பாதை போய்க்கொண்டே இருந்தது, கடந்துவந்த அத்தனை தூரமும் நேர்க்கோடாகத் தெரிந்தது. பின்னால் விட்டுவந்த வழியைச் சின்னக் கண்ணாடியில் துண்டு துண்டாக மட்டுமே பார்த்திருந்த மனிதர், முதன்முதலாக அதை முழுசாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

"பஸ்ஸுல வர்றப்ப... எங்கிட்ட என்ன பேசணும்னு நெனச்சுக்கிட்டு வருவ?"

இதை எனக்குச் சொன்னபோது பெரியம்மா இந்த இடத்தில்தான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வாழ்க்கை முழுக்க எதிர்பார்த்த கேள்வி! நானாக இருந்தால் எதையெல்லாம் கொட்டியிருப்பேன்! "என்ன சொன்னீங்க பெரியம்மா?" என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

"ஒண்ணுமில்லைங்க, உங்க காலர் மடங்கியிருக்கு, எடுத்து விட்டுக்குங்கன்னு சொல்லணும்னு இருக்கும்னேன்."

"அவ்வளவுதானா?"

"தினமும் மடங்கியிருக்கும்டி" என்றார்.

பெரியப்பா அதைக் கேட்டுக் கையை மட்டும் பின்னால் கொண்டுபோய்க் காலரைத் தடவிப் பார்த்தாராம். மடங்கித்தான் இருந்ததாம். எடுத்துவிடாமல், கொஞ்சம் குனிந்து, கழுத்தை இவர் பக்கம் காட்டினாராம்.

இனி தீவு. கப்பல் தீவை நெருங்கியதும் எல்லோரும் தொப்பியும் துண்டுமாக வரிசையில் நின்றார்கள். பெரியப்பாவும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அப்போது பெரியம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். கரையில், ஜனங்களை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போவதற்காக, வேன்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு வேனிலும் ஒரு டிரைவர். ஒவ்வொரு டிரைவருக்குப் பக்கத்திலும் ஒரு காலி முன் சீட்டு.

"ஏங்க, எனக்கு முட்டி வலிக்குது" என்றார் பெரியம்மா.

இருந்துவிட்டார்கள். அக்காவின் பரிசாக, டை தம்பியின் சிபாரிசில், எத்தனையோ தண்ணீர் கடந்து வந்து, கூப்பிடுதூரத்தில் நிற்கிற தீவில் காலே வைக்காமல், ஆள் இல்லாத கப்பலில் நாள் முழுக்க இரண்டு நாற்காலியில். நின்றுகொண்டிருக்கிற கப்பலுக்கு பிரேக் எதற்கு? பெரியப்பாவின் வலது கால் அன்றைக்குத்தான் சும்மா இருந்ததாம்.

அவர்கள் திரும்பி வந்தபோது டாக்சி எடுத்துக்கொண்டு நான்தான் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். இருவரும் கறுத்து, களைத்து, ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். பேசிக்கொண்டே! பெட்டிகளை ஏற்றினோம். பெரியம்மா பின் கதவைத் திறந்தார். பெரியப்பா முன் கதவைத் திறந்தார். இதற்குத்தானா இவ்வளவும்? பெரியம்மாவிடம் மெல்ல, "என்ன பெரியம்மா, பழையபடியா?" என்றேன்.

"விடுடி, பழக்கம்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் படங்களைக் காட்ட ஆரம்பித்தார். தள்ளத் தள்ளப் பெரியப்பா. பக்கவாட்டில் பெரியப்பா. காது, கன்னம், பாதி மீசை, மூக்கு. எடுப்பான மூக்குதான், இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடல் இல்லை, சாப்பாடு இல்லை, நீச்சல் குளம் இல்லை.

"தீவு எங்க பெரியம்மா?"

இன்னும் இரண்டு படம் தள்ளி, ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். "இதோ, காதுக்குப் பின்னாடி பச்சையா தெரியுது பாரு, அதான்."

"என்ன காது?" என்று முன் சீட்டிலிருந்து பெரியப்பா திரும்பினார். திரும்பியவர் திரும்பியபடியே இருந்துவிட்டார். முட்டியை மடக்கி, சீட்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்தப் படம் எப்போது எடுத்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பெரியம்மாவுக்கு முட்டி நிஜமாகவே வலித்ததா என்று ஒரே பேச்சு. டாக்சிக்காரர் திடீரென்று பிரேக் அடித்தார். முன்னால் ஏதோ வந்திருக்கிறது. பெரியப்பாவின் கால் எதையும் அழுத்தவில்லை, முதுகு போய் டேஷ்போர்டில் இடித்தது.

"கொஞ்சம் முன்னாடி பார்த்து உக்காருங்களேன்" என்றார் பெரியம்மா.

"முன்னாடி என்ன இருக்கு?" என்றார் பெரியப்பா. "வெறும் ரோடுதானே."